கடலுக்குப் போன மகளும் கன்னடம் தெரிந்த அம்மாவும்

என் மகள் தோற்க வேண்டும் என்று ஜெபமாலை உருட்டிக்கொண்டேதான் அந்தப் பயணத்தைத் தொடங்கினேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட இன்னும் சொல்லவில்லை. சாமியார் என்ன நினைப்பாரோ என்ற வெட்கம்தான்.

ஜெனிக்கு இருபது வயது. போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஷூ தைக்கும் லைனில் வேலை. போன வருடம் கம்பெனியிலிருந்து டூர் கூட்டிப்போனார்கள். கோயில், அருவி எல்லாம் முடித்துவிட்டு உடுப்பிக்குத் தெற்கே ஏதோ ஒரு கடற்கரையில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அலைமேல் பலகையைப் போட்டு ஏறி நிற்பார்களே, சர்ஃபிங், அதை அங்கே அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார்களாம். மற்ற பெண்கள் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறினார்கள். இவள் எழுந்து நின்றுவிட்டாள். அதோடு சரி, பிள்ளை நம் கையில் இல்லை. தோழி கல்யாணம், தோழி அக்கா கல்யாணம் என்று சொல்லி நான்கு முறை அங்கே போய்வந்திருக்கிறாள். ஐந்தாவது முறைதான் உண்மை வந்தது. இந்த சீசனுக்கு அங்கே சொல்லிக்கொடுப்பதற்கு இரண்டு பேரை எடுக்கிறார்கள். கடலில் ஒரு பரீட்சை இருக்கிறது. தேறினால் அங்கேயே தங்கி வேலை. தேறாவிட்டால் திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு லைனில் நின்றுவிடுவதாகச் சொன்னாள்.

என் கணவர் மத்தூரில் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். "கெணத்துல மீன் மாதிரி நீந்துனவ, போவட்டும் விடு" என்றார். அவருக்குக் கடல் என்றால் கொஞ்சம் பெரிய கிணறு.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நானும் வருவேன், கரையில் நிற்பேன், நான் ஒரு வார்த்தை சொன்னால் ஏன் எதற்கு என்று கேட்காமல் அதைச் செய்ய வேண்டும். "சரிம்மா" என்றாள். இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளும் பிள்ளை இல்லை அவள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும் முன்னால் மெஷினில் கை வைக்காதே, கண்ணாடி போடு, மணி அடித்தால் வெளியே ஓடு என்பதையெல்லாம் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று நான்கு மொழியிலும் சொல்வது என் வேலை. மைக் பழுதானாலும் கவலையில்லை, தொண்டை அப்படிப் பழகிவிட்டது. இந்த வேலைக்காக வாரம் முழுக்க ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மத்தூருக்குப் போய், ஞாயிறு மாலை பஸ் பிடித்துத்தான் ஜெனியை வளர்த்தேன். அதனால்தான் எனக்கு நான்கு மொழி தெரியும், அவளுக்குத் தமிழும் லைனில் பேசும் இங்கிலீஷும்தான் தெரியும்.

முதல் நாள் விடியற்காலையில் கிளம்பினோம். வண்டி என் தம்பி ஆரோக்கியத்தினுடையது. பழைய ஆம்னி. க்ளட்ச் கேபிள் மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், மாற்றவில்லை. ஜெனி பின்சீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எங்கள் தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்து ஓரங்கட்டச் சொன்னார்கள். ஆரோக்கியம் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுவதற்குள் நான் இறங்கிப்போய்க் கன்னடத்தில் நான்கு வார்த்தை பேசினேன். அந்த போலீஸ்காரர் சிரித்து, எந்த ஊர் அம்மா என்று கேட்டு, டீ எங்கே நன்றாக இருக்கும் என்பது வரை சொல்லி அனுப்பினார். வண்டியில் ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆரோக்கியத்துக்குப் பாடமே நடத்தினேன். கன்னடம் ஒன்றும் கஷ்டமில்லை, தமிழில் 'வ' வருகிற இடத்தில் 'ப' போட்டால் பாதி மொழி வந்துவிடும். வா என்றால் பா. வெண்ணெய் என்றால் பெண்ணெ. வெல்லம் பெல்ல, வேர் பேரு, வலை பலெ. அவன் ஸ்டியரிங்கைத் தட்டியபடி பெண்ணெ, பெல்ல, பலெ என்று மனப்பாடம் செய்தான்.

மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் எங்கோ ஒரு லாரி படுத்துவிட்டது என்று மூன்று மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். பக்கத்து லாரிக்காரர் நாமக்கல். நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசினார். எங்கே போகிறீர்கள் என்றார். சொன்னேன். வேலையை விட்டுவிட்டு அலையில் நிற்கப் போகிறாளா என்று ஜெனியை ஒருமுறை பார்த்தார். "இந்த மலையில பேய்ற மழையெல்லாம் நீங்க போற ஊரு ஆத்துலதான் போயி விழும், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கடலை எனக்கு இறங்கவே இல்லை.

மாலையில் ஊர் வந்து சேர்ந்தோம். ஊர் என்று சொல்வதற்கு நாற்பது வீடு. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல், நடுவில் ஒரு தென்னந்தோப்பு அகலத்துக்கு மணல். வண்டியை ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு ஒரு நடைபாலத்தில் சுமை தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாறைமலை கண்ணில் படும், கண் அதில் போய் முட்டி நிற்கும். இங்கே மேற்கே பார்த்தால் முட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. எனக்குத் தலை சுற்றியது. ஜெனி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இவ்வளவு நாள் இங்கேயே இருந்தவள் மாதிரி முன்னால் நடந்தாள்.

அந்த சர்ஃபிங் பள்ளியை நடத்துபவர் வசந்தண்ணா. ஐம்பது வயது இருக்கும், மீனவர். படகும் வைத்திருக்கிறார், பலகைகளும் வைத்திருக்கிறார். எங்களிடம் கன்னடத்தில் பேசினார், வீட்டுக்குள் துளுவில் பேசிக்கொண்டார்கள். ஜெனி வந்த நான்கு முறையும் இங்கிலீஷ் தெரிந்த ஒரு பையன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவன் கோவாவுக்குப் போய்விட்டானாம். அதனால் இந்த முறை வசந்தண்ணாவுக்கும் ஜெனிக்கும் நடுவில் நான்தான் பாலம். எனக்கு அதில் ஒரு பெருமைதான்.

இரண்டாம் நாள் பயிற்சி. காலையில் பன்ஸ் என்று ஒன்று கொடுத்தார்கள். பூரி மாதிரி உப்பி, கடித்தால் வாழைப்பழ வாசனையோடு இனித்தது. அதைத் தேங்காய்ச் சட்னியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். சாம்பாரிலும் வெல்லம். ஆரோக்கியம் மூன்றாவது வாயிலேயே களியும் கருவாட்டுக் குழம்பும் கேட்கத் தொடங்கிவிட்டான். ஜெனி ஐந்து தின்றாள்.

வசந்தண்ணா ஜெனியையும், உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்திருந்த இன்னொரு பெண்ணையும் மணலில் உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். ஒவ்வொன்றாக நான் தமிழில் மாற்றினேன். தெற்கே ஆறு கடலில் கலக்கும் இடம் இருக்கிறது. கடல் தண்ணீர் வடியும் நேரத்தில் ஆறு ஆளைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், அந்தப் பக்கம் போகவே கூடாது. மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதே, பலகையைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கொள். கடைசியாக ஒன்று சொன்னார். தண்ணீரில் இருக்கும்போது படகிலிருந்து நான் சொல்வதை மட்டும்தான் கேட்க வேண்டும், கரையிலிருந்து யாரும் குரல் கொடுக்கவே கூடாது. அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு அதையும் ஒழுங்காகவே தமிழில் சொன்னேன்.

அன்று முழுக்க அவள் அலையில் விழுவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை தலை உள்ளே போகும்போதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். ஒன்பதுக்கு மேல் ஒருமுறைகூடப் போகவில்லை. எழுந்து நின்று வரும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. சனிக்கிழமை மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஐந்து வயதில் அப்படிச் சிரித்துக்கொண்டு ஓடிவருவாள். அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பொறாமையாக இருந்தது. கடல்மேல் பொறாமைப்பட்ட முதல் மத்தூர்க்காரி நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் பரீட்சை. காலையில் ஆரோக்கியத்தின் க்ளட்ச் கேபிள் ஒருவழியாக அறுந்துவிட்டது. மெக்கானிக்கைத் தேடிப் பக்கத்து டவுனுக்கு ஆட்டோவில் போய்விட்டான். கரையில் நான் மட்டும்தான். வசந்தண்ணாவின் மனைவி தூரத்துக் கொட்டகையில் சமையலில் இருந்தார்.

அலை உடையும் இடத்துக்கு அப்பால் வசந்தண்ணா படகை நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார். பெண்கள் இருவரும் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக்கொண்டு போய், படகைச் சுற்றி, ஓர் அலையைப் பிடித்து எழுந்து நின்று கரைக்கு வர வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. உடுப்பிப் பெண் முன்னால் போனாள், ஜெனி கொஞ்சம் பின்னால். ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கடலுக்குள் நாக்கு நீட்டியிருந்தது. நேற்று அவ்வளவு தூரம் நீட்டவில்லை.

பாதி வழியில் இருக்கும்போது வசந்தண்ணா படகில் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார். கடலிலிருந்து கரைக்குக் காற்று, எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பலெ, பலெ."

பலெ என்றால் வலை. படகை ஒட்டி இரண்டு மஞ்சள் மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. அங்கே யாரோ வலை விட்டிருக்கிறார்கள், எச்சரிக்கிறார், உடுப்பிப் பெண் அது தெரியாமல் நேராகப் படகுக்கே போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஜெனிக்கு ஒன்றும் புரியவில்லை. துழாவுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தாள், என்னைத்தான் பார்த்தாள்.

கரையிலிருந்து குரல் கொடுக்கக் கூடாது என்பது எனக்கு மறக்கவில்லை. பிள்ளை காலில் கயிறு கட்டிப் பலகையோடு இருக்கிறாள், வலையில் சிக்கினால் என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, ஷிப்டில் கத்துகிற மாதிரி கத்தினேன்.

"ஜெனி, வலை இருக்குது. படகுகிட்ட போவாத. இந்தப் பக்கம் திரும்பு."

என் இடது கைப் பக்கம் ஆறு இருந்தது.

அவள் ஒரு நொடி அப்படியே இருந்தாள். பிறகு திரும்பினாள்.

முதலில் நன்றாக வேகமாகப் போகிறாளே என்று நினைத்தேன். பிறகுதான் அவள் கை அசையவே இல்லை என்பது தெரிந்தது. கை அசையாமலே பலகை போய்க்கொண்டிருந்தது. செம்மண் தண்ணீரோடு சேர்ந்து நேராக மேற்கே போனது. நீலச் சட்டை சிறிதாகி, தலை மட்டும் தெரிந்து, பிறகு அலை உயரும்போது அதுவும் இல்லை. நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்பது தாண்டியது, இருபது தாண்டியது. இடுப்பளவு தண்ணீரில் எப்போது இறங்கினேன் என்று தெரியாது. எனக்கு நீச்சல் தெரியாது. வாயில் ஜெபம் வரவில்லை, இரண்டு நாளாக எதைக் கேட்டு உருட்டினேனோ அதுதான் நினைவுக்கு வந்தது. இப்படிக் கேட்கவில்லை, இப்படிக் கேட்கவில்லை என்றுதான் கத்தினேன்.

வசந்தண்ணா உடுப்பிப் பெண்ணைப் படகில் இழுத்துப் போட்டுவிட்டு, நங்கூரக் கயிற்றை அறுத்து, எஞ்சினைக் கிளப்பினார். வெகுதூரம் போய் ஒரு வட்டமடித்தது படகு. திரும்பி வரும்போது அதில் இரண்டு தலைகள் தெரிந்தன. வசந்தண்ணாவையும் அந்தப் பெண்ணையும்தான் எண்ணுகிறேனோ என்று மறுபடி எண்ணினேன். மூன்று இருந்தன.

ஜெனியின் உதடு வெளுத்திருந்தது. ஆனால் தானே இறங்கி நடந்துவந்தாள். இழுத்தபோது சொல்லிக்கொடுத்தபடியே எதிர்த்து நீந்தாமல் பலகையைப் பிடித்துப் படுத்துக்கொண்டாளாம். நான் அவளைக் கட்டிக்கொண்டு நின்றேன். வசந்தண்ணா வந்தார். தான் அவ்வளவு கத்தியும் ஏன் அந்தப் பக்கம் திரும்பினாள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஜெனி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"காதுல விழலைன்னு சொல்லும்மா. தெச தப்பிடுச்சின்னு சொல்லு."

அப்படியே சொன்னேன். நான் கத்தியது வெளியே தெரிந்தால் விதியை மீறியதாகிவிடும் என்று மறைக்கிறாள் என்பது புரிந்தது. நானும் சேர்ந்து மறைத்தேன். வலையிலிருந்து காப்பாற்றத்தானே கத்தினேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நீச்சல் நன்றாக இருக்கிறது, பயமில்லை, இழுப்பில் மாட்டியும் அறிவோடு நடந்துகொண்டாள் என்றார் வசந்தண்ணா. ஆனால் தன் குரலைக் கேட்டு நடக்காதவளை நம்பி நாளைக்கு மற்றவர்கள் பிள்ளைகளைக் கடலில் விட முடியாது, வேண்டாம் என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். ஜெனி தலையாட்டிவிட்டுப் பலகையின் மணலைத் துடைக்கப் போனாள். ரொம்ப நேரம் துடைத்தாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை அவள் லைனில் நிற்பாள். அதை நினைத்தபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, வந்ததை நான் மறுக்கவில்லை.

மதியம் ஆரோக்கியம் கேபிளை மாற்றிவிட்டு வந்து சேர்ந்தான். நடந்ததைச் சொன்னேன். கிளம்பலாம் என்று பையைக் கட்டினோம். சாப்பிடாமல் போகக் கூடாது என்று வசந்தண்ணாவின் மனைவி வாசலில் வந்து நின்றார். அவர் இரண்டு நாளும் எங்களோடு அதிகம் பேசவில்லை, கன்னடம் பேசக் கூச்சப்படுவார். உள்ளே சிவப்பரிசிச் சோறும் மீன் குழம்பும் பரிமாறியிருந்தது. கையை ஆட்டி எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"பலெ, பலெ. குள்ளுலெ."

ஆரோக்கியம் என் பக்கம் குனிந்தான். "அக்கா, எந்த வலைய சொல்லுறாங்க?"

அந்த அம்மாள் மறுபடியும் பலெ என்று சொல்லி, உட்காரச் சொல்லிப் பாயைத் தட்டினார். அங்கே வலை எதுவும் இல்லை. சோறு இருந்தது, பாய் இருந்தது, வாருங்கள் என்று கூப்பிடுகிற ஒரு கை இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. துளுவில் பலெ என்றால் வாருங்கள். வசந்தண்ணா அவசரத்தில் தன் வீட்டு மொழியில் இரண்டு பெண்களையும் படகுக்கு வரச்சொல்லித்தான் கத்தியிருக்கிறார். மலைமழையால் ஆறு சீக்கிரமே இழுக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு மொழியும் தெரியாத அம்மா கரையில் நின்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். எனக்குக் கன்னடம் தெரியும், அதுதான் வினை.

வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. உட்கார்ந்தேன். ஒரு கை சோறு பிசைந்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

எழுந்து கரைக்குப் போனேன். வசந்தண்ணா படகில் புது நங்கூரக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஜெனி பின்னாலேயே ஓடிவந்தாள். கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் வாருங்கள் என்றதை நான் வலை என்று எடுத்துக்கொண்டேன், நான்தான் கத்தினேன், ஆற்றுப் பக்கம் கைகாட்டியதும் நான்தான், என்னைக் காப்பாற்றத்தான் பிள்ளை பொய் சொன்னாள் என்றேன். தண்டனை கொடுப்பதென்றால் எனக்குக் கொடுங்கள், அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டேன். என் வாயால் அதைக் கேட்பேன் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"என்னம்மா சொல்லுற அவருகிட்ட?" என்றாள் ஜெனி.

"பலென்னா வலை இல்லடி. வாங்கன்னு அர்த்தமாம். உன்னைத்தான் கூப்ட்டிருக்காரு."

"நீ கைய காட்டுனப்பவே அது ஆத்துப் பக்கம்னு தெரியும்மா. இழுக்கும்னும் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன்டி போன?"

"நீ சொன்னியே."

அழுதேன். அந்த ஆள் முன்னால் நிற்கிறார் என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதேன். வசந்தண்ணா கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நாங்கள் இருவரும் பேசியதற்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. படகில் ஏறி, பின்பக்கம் போய் எஞ்சினைக் கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு அங்கிருந்தே ஜெனியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நாளைக்கு நீ கடலில் இருக்கும்போது உன் அம்மா மறுபடியும் கரையில் நின்று கத்தினால் என்ன செய்வாய்?

நான் கேள்வியைத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

ஜெனி என்னையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"கேக்க மாட்டேன்னு சொல்லும்மா."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகுப் பக்கம் திரும்பினேன். "அம்மன மாத்து கேளல்வந்தெ" என்றேன், அம்மா பேச்சைக் கேட்க மாட்டாளாம் என்று. கடற்காற்றில் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது. காதருகே கையைக் குவித்து, என்ன என்று கேட்டார்.

இன்னொரு முறை, உரக்கச் சொன்னேன்.